பெண் பார்க்கப் போன பை

நான் பெண் பார்க்கப் போன அன்று, அலசி ஆராய்ந்து, நாலு பேரிடம் விசாரித்து, மனசுக்குப் பிடித்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போன ஒரே விஷயம் என் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெயர் நித்யா, வீடு குரோம்பேட்டை என்பதுதான். பையைப் பற்றிக் கேட்டிருந்தால் எந்த ஜிப் எந்தத் திசையில் ஓடும் என்பது வரை சொல்லியிருப்பேன்.

அப்பாவுக்குக் கல்கத்தாவில் மத்திய அரசு உத்தியோகம். நான் பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது எல்லாமே இங்கேதான். வீடு லேக் கார்டன்ஸில். அம்மாவின் கும்பகோணத் தமிழைக் கேட்டு வளர்ந்தாலும் என் வாயில் வந்தது ஏதோ ஒரு தமிழ். அவசரத்துக்கு வங்காளம்தான் முந்திக்கொண்டு வரும். இதனாலேயே எனக்கு வரன் அமையவில்லை. போனில் நான் நாலு வார்த்தை பேசியதும் பெண் வீட்டார், "பையன் தமிழ்தானே?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். அப்புறம் ஜாதகம் பொருந்தவில்லை என்று செய்தி வரும். (ஜாதகம் பாவம், எத்தனை பழியைத்தான் சுமக்கும்!)

குரோம்பேட்டை வரன் வந்தபோது அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இதுவும் தட்டிப் போச்சுன்னா இனிமே யார் வீட்டுக்கும் போன் பண்ணி ஜாதகம் கேக்க எனக்குத் தெம்பு இல்லடா. நீ பாட்டுக்கு இரு."

அம்மா அழாமல் சொன்னதுதான் என்னைக் கலக்கியது. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பூஜைப் பந்தல் பந்தலாகச் சுற்றும்போது, நான் மட்டும் அவர்களுடைய செருப்புக்குக் காவல் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவரும் அம்மாவும் பயணம் செய்ய முடியாது. பெண் வீட்டார் பெருந்தன்மையாக, "தம்பி மட்டும் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போகட்டும். ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தா மத்ததைப் பெரியவங்க பேசிக்கலாம்" என்று சொன்னார்கள். காலை விமானத்தில் போய் இரவு விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. சென்னையில் இருக்கும் அம்மாவின் தம்பி, என் மாமா, விமான நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார்.

"ஒரு சின்னப் பை போதும்" என்றாள் அம்மா.

அந்த ஒரு வாக்கியத்தோடு என் புத்தி பெண்ணை விட்டுப் பையின் பின்னால் போய்விட்டது.

சின்னப் பை என்று சொல்வது சுலபம். எவ்வளவு சின்னது? விமான இருக்கைக்கு அடியில் நுழைகிற சின்னதா, தலைக்கு மேலே வைக்கிற சின்னதா? மேலே திறக்கிறதா, பெட்டி மாதிரி மல்லாக்கப் பிளக்கிறதா? நான் வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். உலகத்தில் எத்தனையோ பேர் பிழைப்பே இதுவாக இருக்கிறார்கள். ஒருவர் பைக்குள் நாலு சட்டையை உருட்டி வைப்பார், இன்னொருவர் உருட்டுவது தப்பு என்பார். நான் இரண்டு பேரையும் நம்பினேன்.

கடைசியில் இரண்டு பைகள் போட்டிக்கு நின்றன. ஒன்று ஒல்லி, மேலே திறப்பது, தூக்குவதற்குப் பஞ்சு. இன்னொன்று இருபத்தாறு லிட்டர், கரும் சாம்பல் நிறம், பெட்டி போலத் திறப்பது, அறைகளோ அறைகள். கரியாஹாட்டில் அவற்றை விற்கும் கடைக்கு நான் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். மறுபடியும் போய் அளந்தேன். மூன்றாவது தடவை கடைக்காரர் பொறுமை இழந்து, "தாதா, பை வாங்கப் போறீங்களா, கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டார். இரண்டும்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இந்த நாட்களில் அம்மா பெண்ணைப் பற்றி என்னிடம் சொல்லாமல் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், அப்பாவின் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே சொன்னாள். நான் போனில் பையைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன். சாப்பாட்டு மேஜை நாற்காலிக்கு அடியில் மாதிரிக்கு ஒரு அட்டைப்பெட்டியை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் வந்து சொன்னாள். நாற்காலிக்கு அடியிலிருந்து "ம்" என்றேன். என்ன சொன்னாள் என்பது எனக்குக் குரோம்பேட்டையில்தான் தெரிய வந்தது.

என் ஆராய்ச்சிக்கு ஒரே ரசிகர் எதிர் ஃப்ளாட் கோஷ் காக்கு. காக்கு என்றால் சித்தப்பா. ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு மூன்று முறை மனைவியோடு எங்காவது கிளம்பிவிடுவார், பெரும்பாலும் பூரி ஜகந்நாதர் கோயிலுக்கு. நான் லிட்டர் கணக்குச் சொல்லச் சொல்ல, வேதம் கேட்பது போலக் கேட்பார். கடைசியில் நான் இருபத்தாறு லிட்டரை முடிவு செய்து வாங்க, மறுநாளே அவரும் அதே கடைக்குப் போய் அதே பையை அதே நிறத்தில் வாங்கி வந்துவிட்டார். "நீ இவ்வளவு படிச்சு முடிவு பண்ணியிருக்கே, நான் எதுக்கு மறுபடி படிக்கணும்?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பயண நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை தெற்கே சூலம். சென்னையோ நேர் தெற்கு. "முதல் காரியமா போறே, சூலத்துக்கு எதிரே போவியா?" டிக்கெட்டை மாற்ற முடியாது. ஆனால் நம் பெரியவர்கள் சூலத்தையும் ஏமாற்ற வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களே! அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பயணப் பையை வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போய் அக்கம்பக்கத்தில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பினால் நாமும் கிளம்பினதாகக் கணக்கு. மறுநாள் அதை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். வெளியே போன பை திரும்ப வீட்டுக்குள் வரவே கூடாது.

புதன்கிழமை நல்ல நேரத்தில் நான் இஸ்திரி போட்ட சட்டை, ஒரு வேட்டி, விபூதி டப்பா, அம்மா வாங்கி வைத்த சந்தேஷ் இனிப்புப் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கினேன். வாட்ஸப்பில் வந்த பெண்ணின் படத்தை அம்மா பிரிண்ட் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, "சென்னையில கோயில்ல சாமி காலடியில வச்சு வாங்கிக்கோ" என்று பையின் முன் அறையில் வைத்தாள். பை எதிர் ஃப்ளாட்டுக்குக் குடிபெயர்ந்தது. காக்குவின் மனைவி காக்கிமா, இது என்ன பூஜை என்று கேட்டு, முழுவதும் கேட்டுவிட்டு, பைக்கு ஒரு கும்பிடும் போட்டு, செருப்பு அலமாரி பக்கத்தில் வைத்தாள்.

அன்று மாலை காக்குவும் பூரிக்குப் போகத் தன் பையைக் கட்டி அதே அலமாரி பக்கத்தில் வைத்தார் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் வியாழக்கிழமைக் காலை ரயில்.

விடியும் முன்னே நான் எதிர் ஃப்ளாட் மணியை அழுத்தினேன். காக்கு பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்தார். விளக்கு போடப் போனவரை, "வேண்டாம் காக்கு, என் பையை எனக்கு இருட்டிலேயே தெரியும்" என்று தடுத்தேன். (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.) கைக்கு வந்ததைத் தோளில் மாட்டினேன். "துர்கா, துர்கா" என்று சொல்லி வழியனுப்பினார். பை முந்தின நாளைவிடக் கொஞ்சம் கனமாக இருந்ததுபோல் பட்டது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானம் தாமதம். சென்னையில் மாமா கையில் கார் சாவியோடும் கண்ணில் ராகு காலத்தோடும் நின்றுகொண்டிருந்தார். "மாப்ள, ஒன்றரைக்கு மேல ராகு காலம். சட்டையெல்லாம் அங்க போய் மாத்திக்க, ஏறு" என்று தள்ளினார். கசங்கின டீ-சர்ட்டோடு குரோம்பேட்டை போய்ச் சேர்ந்தேன்.

சுத்தமான, அமைதியான வீடு. பெண்ணின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர், ஆனால் பார்ப்பார். பெண்ணின் அம்மா பஜ்ஜி கொண்டு வந்து வைத்தார். என் வீட்டுத் தமிழ் வெளியே வந்து மானத்தை வாங்கிவிடக்கூடாது என்று நான் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க", "இல்லைங்க" என்று சிக்கனமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பெண்ணின் அப்பா, பேச்சு வளரட்டும் என்ற நல்லெண்ணத்தில் கேட்டார். "பை நல்லா இருக்கே தம்பி, எங்க வாங்கினது?"

யாராவது என்னை அப்போது தடுத்திருக்க வேண்டும். மாமாவுக்கு என்னைப் பற்றி அவ்வளவு தெரியாது.

லிட்டரில் ஆரம்பித்தேன். தோள்பட்டையில் எடை எப்படிப் பிரிகிறது என்று எழுந்து நின்று காட்டினேன். தோற்றுப்போன ஒல்லிப் பையின் குறைகளைப் பெயர் சொல்லாமல் விளக்கினேன். இடையில் நித்யா காபித் தட்டோடு வந்து நின்றாள். காபியை எடுத்துக்கொண்டேன், பேச்சை நிறுத்தவில்லை. அவள் சுவரோரமாக நின்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு ரசிகை கூடிவிட்டாள் என்று எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது.

"இதுல பெரிய வசதி என்னன்னா, எது எங்க இருக்குன்னு பாக்கவே வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டே எடுக்கலாம்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? கண்ணை மூடிக்கொண்டேன். "இது சைடு அறை. கர்ச்சீப்" என்று சொல்லி எடுத்து நீட்டினேன்.

கண்ணைத் திறந்தேன். என் கையில் ஒரு குரங்குக் குல்லா இருந்தது. காதையும் கழுத்தையும் மூடி, முகம் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லா. குரோம்பேட்டையின் நண்பகலில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா வச்சிருப்பாங்க" என்றேன். "ஸ்வீட்டும் குடுத்து விட்டிருக்காங்க." பெரிய அறையைத் திறந்து கையை விட்டதும் ரப்பர் தட்டுப்பட்டது. ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர்ப் பை வெளியே வந்தது. அதன் பின்னாலேயே ஒரு பாட்டில் இளஞ்சிவப்பு வாயு மருந்தும் உருண்டு வந்து பஜ்ஜித் தட்டில் இடித்து நின்றது. அந்தக் கணத்தில் பையை மூடியிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் விபூதி டப்பாவைக் காட்டினால் நம் குடும்பத்தின் மேல் மரியாதை வரும் என்று தோன்றியது. சின்ன அறையில் இருந்த வட்டமான டப்பாவை எடுத்துத் திறந்து, பெண்ணின் அம்மாவிடமே நீட்டினேன்.

உள்ளே பல்செட் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் டப்பாவைப் பார்த்தார், பிறகு மெதுவாக என் வாயைப் பார்த்தார். மாமா என் காதருகே குனிந்து, "மாப்ள, அக்கா எங்கிட்ட இதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, இது காக்குவின் பை. விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், பரஸ்தானம், சூலம், செருப்பு அலமாரி, பூரி என்று தமிழ் வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதி ஒன்றும் வெளியே வரவில்லை.

அந்த நேரத்தில் போன் அடித்தது. காக்கு.

என் போனில் காதில் வைத்துக் கேட்கும் வசதி கெட்டுப்போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது. (எந்தப் போன் வாங்குவது என்ற ஆராய்ச்சி அப்போது இரண்டாம் கட்டத்தில் இருந்தது.) அதனால் யார் பேசினாலும் ஊருக்கே கேட்கும். காக்குவின் அலறல் அந்தக் கூடம் முழுக்க நிறைந்தது.

"பாபு! யார் இந்தப் பொண்ணு? என் பையில இவ போட்டோ எப்படி வந்தது? உன் காக்கிமா என்னை ரயிலை விட்டு இறங்கச் சொல்றா!"

நடந்தது இதுதான். ரயில் ஒடிசாவுக்குள் போனதும் பசி எடுத்து, காக்கிமா பொரி டப்பாவை எடுக்கப் பையின் முன் அறையைத் திறந்திருக்கிறாள். பொரிக்குப் பதில் மஞ்சள் தடவிய ஒரு இளம்பெண்ணின் படம் வந்திருக்கிறது. பின்னணியில் காக்கிமாவின் குரலும், படத்தைக் கைமாற்றிப் பார்த்த சக பயணிகளின் கருத்துகளும் கேட்டன. ரயில் பெட்டியே வழக்கை நடத்திக்கொண்டிருந்தது.

எனக்கு வங்காளம் கைகொடுத்தது. இங்கே யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியத்தில், அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்து கொட்டிவிட்டது.

"காக்கு, பை மாறிப் போச்சு! அது நான் பாக்க வந்த பொண்ணு. உங்க நிலைமையாவது பரவாயில்லை, இங்க என் நிலைமையைக் கேளுங்க. பொண்ணோட அப்பா, டிக்கெட் இல்லாம ஏறினவனைப் பாக்கிற மாதிரி பாக்கிறார். அம்மா என் பல்லை எண்ணிக்கிட்டிருக்காங்க. பஜ்ஜியில உப்பே இல்லை. பொண்ணு போட்டோவைவிட ரொம்ப நல்லா இருக்கா காக்கு. சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறா. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா உங்க பல்செட்டைப் பாத்தப்புறம் எந்தப் பொண்ணு என்னைக் கட்டிப்பா? எல்லாம் முடிஞ்சு போச்சு. அம்மாகிட்ட என்ன சொல்லப் போறேனோ தெரியலை."

கடைசி வாக்கியத்தில் என் குரல் உடைந்துவிட்டது. அதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

பெண்ணின் அப்பா பஜ்ஜித் தட்டை என் பக்கம் லேசாக நகர்த்தினார். பிறகு என்னைப் போலவே சரளமான வங்காளத்தில் கேட்டார். "நூன் லாக்பே?"

உப்பு வேண்டுமா?

அம்மா கீரை ஆயும்போது சொன்னது இதைத்தான். பெண்ணின் அப்பா ரொம்ப காலம் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் இருந்தவர். நித்யா எட்டாவது வரை கல்கத்தாவில்தான் படித்தாள். "நம்மளை மாதிரியேடா, உன் தமிழைப் பாத்து முகம் சுளிக்க மாட்டாங்க" என்று அம்மா மூன்று முறை சொல்லியிருக்கிறாள். நான் மூன்று முறையும் "ம்" என்றிருக்கிறேன்.

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். குரோம்பேட்டை பூமி கெட்டியானது போலிருக்கிறது. போனில் காக்கிமா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். "இவன் பொய் சொல்றான்! இவனும் அவரும் கூட்டு!"

அப்போது நித்யா சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, தென் கல்கத்தாப் பெண் பிள்ளைகள் பேசுகிற அதே இழுவையோடு வங்காளத்தில் பேசினாள்.

"காக்கிமா, நமஸ்காரம். அந்தப் போட்டோவில இருக்கிறது நான்தான். காக்கு மேல ஒரு தப்பும் இல்லை. அவரோட பல்செட் இங்க பத்திரமா இருக்கு."

ரயில் பெட்டி முழுவதும் ஆரவாரம் கேட்டது. காக்கிமாவின் குரல் ஒரு நொடியில் வெல்லமாகிவிட்டது. "அடி பெண்ணே, நல்ல பையன்டி அவன். பையைப் பத்தி மட்டும் கேக்காதே. உனக்குப் பிடிச்சிருக்கா?"

நித்யா என்னைப் பார்த்தாள். நான் என் கையிலிருந்த குரங்குக் குல்லாவைப் பார்த்தேன்.

"அவர் இன்னும் என்னைப் பாக்கவே இல்லை காக்கிமா. பையைத்தான் பாத்துக்கிட்டிருக்கார். நிமிர்ந்து பாக்கட்டும், சொல்றேன்" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவள் அவிழ்த்துவிட்டாள். அவள் அப்பாவும் சேர்ந்துகொண்டார். வங்காளம் தெரியாத மாமா மட்டும், ராகு காலம் பிறப்பதற்குள் யாராவது முடிவைச் சொன்னால் தேவலை என்ற முகத்தோடு ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு நல்லபடியாகவே வந்தது. பல்செட்டைப் பூரிக்குக் கூரியரில் அனுப்பினோம். அதுவரை காக்கு ஜகந்நாதரின் பிரசாதத்தைக் குழைத்துச் சாப்பிட்டார். அம்மாவின் சந்தேஷ் ரயிலிலேயே விநியோகமாகிவிட்டது. கல்யாணத்துக்குக் காக்கு கொடுத்த பரிசுப் பொட்டலத்தில் புத்தம்புதிய குரங்குக் குல்லா இரண்டு இருந்தன, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. சாமி காலடிக்குப் போகாத அந்தப் படத்தைக் காக்கிமா திருப்பித் தரவே இல்லை. காக்கு எப்போது அதிகம் பேசினாலும் அதை எடுத்து மேஜையில் வைக்கிறாளாம்.

எங்கள் வீட்டில் இப்போதும் யார் ஊருக்குக் கிளம்பினாலும் அம்மா பரஸ்தானம் வைக்கிறாள். ஆனால் எதிர் ஃப்ளாட்டுக்குப் போகும் முன் நித்யா என் பையின் பிடியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிடுகிறாள். நான் எதைப் பற்றியாவது நீளமாக விளக்க ஆரம்பித்தால் மாமனார் ஒன்றும் சொல்ல மாட்டார், உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துவார்.

போன வாரம் மகளுக்குப் பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒரு சின்னப் பை வாங்க வேண்டியிருந்தது. நான் டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். நித்யா மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விருந்தாளிகள் முன்னால் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "அன்னிக்கு நான் காபி கொண்டு வந்தப்போ என்ன கலர் புடவை கட்டியிருந்தேன்?"

நான் எப்போதும் போல யோசித்தேன். எப்போதும் போல மகள்தான் முந்திக்கொண்டு கத்தினாள்.

"இருபத்தாறு லிட்டர்!"

"புடவைதான் ஞாபகம் இல்லை. உன் சிரிப்பு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"அது எத்தனை லிட்டர்?" என்று கேட்டுவிட்டு, டேப்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, மகளுக்குப் பை வாங்க அவளே கிளம்பிப் போய்விட்டாள்.